கண்டக்டர் குரலில் கற்ற சுருக்கெழுத்து

கண்ணு,

நீ நல்லபடியாகப் பெங்களூர் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று மளிகைக் கடைக்காரர் வந்து சொன்னார். அவர் கடைப் போனில் நீ பேசியபோது நான் தோட்டத்தில் மிளகுக் கொடிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அதே கம்பெனியில் புது வேலை, புது நாற்காலி என்று கேட்டதும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. உன் அப்பன் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் காலமெல்லாம் பஸ் கண்டக்டராக ஆள் ஏற்றி இறக்கினவன். இப்போது உன் கம்பெனியில் யாரை ஏற்றுவது, யாரைப் படியிலேயே நிறுத்துவது என்று நீ முடிவு செய்யப் போகிறாய். குலத்தொழில் எங்கேயும் போய்விடவில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பொங்கலுக்கு வந்திருந்தபோது அடுக்களையில் உட்கார்ந்து நீ சொன்ன ஒரு வார்த்தை அவளுக்குள் கிடந்து உறுத்திக்கொண்டிருக்கிறது. "விண்ணப்பம் மலை மாதிரி வருதுப்பா. தபால்ல படிச்சவங்கள முதல்லயே ஒரு பக்கமா எடுத்து வெச்சிருவோம்" என்றாய். அதே மூச்சில், இனிமேல் பாடமெல்லாம் கம்ப்யூட்டரிலேயே வந்துவிடும், அப்படிப் படிக்க விரும்புகிறவர்களுக்குக் கம்பெனியே பணம் கட்டலாமா என்று மேலே இருப்பவர்கள் உன்னிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாய். நம் பணத்தில் படித்துவிட்டு வேறு கம்பெனிக்கு ஓடிவிட்டால் என்ன செய்வது என்று நீயே கவலையும் பட்டாய். உன் அம்மா காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் தபாலில் படித்தவள் என்பது உனக்குத் தெரியும். எப்படிப் படித்தாள் என்பது தெரியாது. அதைச் சொன்னால் ஊர் சிரிப்பது என்னைப் பார்த்துத்தான் என்பதால், என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அவள் உன்னிடம் சொன்னதே இல்லை. நான் இப்போது வேலையிலிருந்து ஓய்ந்துவிட்டேன். இனி மானத்தைச் சேர்த்து வைத்து என்ன செய்யப்போகிறேன். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

உன் அம்மா அடிவாரத்துப் பெண். பள்ளி இறுதி வரை தமிழில் படித்தவள். கல்யாணமாகி மலைமேல் மஞ்சக்குட்டைக்கு வந்தபோது, காப்பிக்கு நடுவே சாமையும் ஆரஞ்சும் பயிரிடுகிற எங்கள் குடும்பத்தில் அவளுக்குத் தெரியாத வேலைதான் அதிகம். களை வெட்டத் தெரியாது, பலா மரத்தடியில் தலையைக் குனிந்து நடக்கத் தெரியாது. ஆனால் காகிதம் எது கிடைத்தாலும் படிப்பாள். நான் டிக்கெட்டுப் பையில் மடித்துக்கொண்டு வருகிற கிழிசல் இங்கிலீஷ் பேப்பரையும் விடமாட்டாள். அப்படி ஒரு பேப்பரில்தான் மெட்ராசில் இருக்கும் ஒரு நிலையம் இங்கிலீஷ் சுருக்கெழுத்தைத் தபால் வழியாகச் சொல்லிக்கொடுக்கிறது என்று விளம்பரம் பார்த்தாள். பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டாள். நாம் இருக்கும் மலையில் சுருக்கெழுத்துப் படித்த ஆள் கிடைக்காமல் எஸ்டேட் ஆபீசுகள் திண்டாடுவது அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது. பஸ்ஸில் தினமும் ஊர்வாயைக் கேட்கிறவன் நான், விஷயம் தெரிந்தவள் அவள்.

கட்டணத்துக்காக என் பங்குக்கு வந்திருந்த மிளகை ஒரு வியாபாரிக்குக் குத்தகைக்கு விட்டோம். உன் பெரியப்பா அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "தபால்ல மாடு வாங்கற கதையால்ல இருக்குது. கன்னு போடுமா, பால் கறக்குமான்னு யாரக் கேப்பீங்க?" என்றார். எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருந்தது. வெளியில் சொன்னால் உன் அம்மாவின் முகம் வாடிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். பாடம் மெட்ராசிலிருந்து சேலம் வந்து, அங்கிருந்து தபால் மூட்டையில் என் பஸ்ஸிலேயே மலை ஏறும். மூட்டைக்கு முத்திரை வைத்திருப்பார்கள், தொடக்கூடாது. என் காலடியில் கிடந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி வந்த பாடம், ஏற்காட்டுத் தபால் ஆபீசில் இறங்கி, எனக்கப்புறம் ஒரு நாள் கழித்து வீட்டுக்கு வரும். "உன் மூட்டை வந்துட்டுது புள்ள" என்று நான் முன்கூட்டியே சேதி சொல்வேன். அவள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருப்பாள்.

கட்டணம்தான் செலவு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பெரிய செலவு பாடப் புத்தகத்தில் ஒரே ஒரு வரியாக ஒளிந்திருந்தது. 'யாரையாவது உரக்க வாசிக்கச் சொல்லி எழுதிப் பழகவும்' என்று போட்டிருந்தான். அந்த 'யாரையாவது' யார்? மஞ்சக்குட்டையில் இங்கிலீஷ் வாசிக்க யார் இருக்கிறார்கள்? எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான்தான் இருந்தேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். குரலுக்குப் பஞ்சமில்லை, பஸ்ஸின் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும். டியூட்டி இல்லாத நாளில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உன்னைத் தொட்டிலில் போட்டு, ஒரு கையால் அதை ஆட்டிக்கொண்டு, மறு கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நான் வாசிப்பேன். எதிரில் உட்கார்ந்து அவள் எழுதுவாள். மற்ற பிள்ளைகள் தாலாட்டுக் கேட்டுத் தூங்கின, நீ 'டியர் சார்' கேட்டுத் தூங்கினாய். நிறுத்தினால் அழுவாய், அதனால் நானும் நிறுத்தியதில்லை.

சுருக்கெழுத்தைப் பற்றி உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதில் எழுத்துக்கு மதிப்பில்லை, ஓசைக்குத்தான் மதிப்பு. காதில் எது விழுகிறதோ அதைக் கோடாகப் போட வேண்டும். லேசான ஓசைக்கு மெல்லிய கோடு, அழுத்தமான ஓசைக்குத் தடித்த கோடு. இங்கிலீஷில் மாத்திரை என்று பொருள்படும் 'பில்'லும் கடைக்காரன் கொடுக்கும் 'பில்'லும் அந்த ஒரு கோட்டின் தடிமனில்தான் வேறுபடும். நமக்கோ இரண்டுக்கும் ஒரே 'ப'. மூட்டையும் 'பேக்'தான், மூட்டை கட்டுவதும் 'பேக்'தான். என் வாயில் எல்லாம் ஒரே மாதிரி வந்தன. அது போதாதென்று, எழுத்து எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் ஒன்று விடாமல் உச்சரிப்பேன். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில் ஓர் எழுத்தையும் வீணாக்கக்கூடாது என்பது என் கணக்கு. புதன்கிழமை எனக்கு 'வெட்னெஸ்டே'. ரசீது 'ரிசீப்ட்'. கடன் 'டெப்ட்'.

ஒரு நாள் அவள் எழுதிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, "ஏனுங்க, புத்தகத்துல ரிசீப்ட்டுக்குப் போட்டிருக்கற கோட்டுல 'ப்' இல்லீங்களே" என்றாள். நான் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். உண்மையிலேயே இல்லை. ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், "அச்சுல உட்டுப்போச்சு புள்ள. மெட்ராசுக்காரன் அவசரத்துல அடிச்சிருப்பான்" என்றேன். அவள் என்னை நம்பி, பென்சிலால் புத்தகத்தைத் திருத்தினாள். அப்படி அந்தப் புத்தகத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிறைய 'அச்சுப்பிழை' திருத்தியிருக்கிறோம். மெட்ராசுக்கு அவள் பார்த்து எழுதி அனுப்பிய பயிற்சியெல்லாம் 'நன்று', 'மிக நன்று' என்று சிவப்பு மையில் திரும்பி வந்துகொண்டிருந்தன. என் வாயில் வந்தது எதுவும் மெட்ராசுக்குப் போகவில்லை. தபாலில் காகிதம்தானே போகும், குரல் போகாதே.

படிப்பு முடிகிற சமயத்தில் நாகலூர்ப் பக்கமிருந்த ஓர் எஸ்டேட்டில் ஆபீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. பெயர் வேண்டாம், நல்ல எஸ்டேட். அந்த வருஷம் மழை தப்பிப்போய் எங்கள் காப்பி பூக்கவில்லை. மிளகும் கையில் இல்லை. உன் அம்மா என்னிடம் நேராகவே சொன்னாள். "ஆபீசுல எடுத்தா ஆபீசு. எடுக்காட்டி அதே எஸ்டேட்டுல காப்பிப் பழம் பறிக்கப் போறனுங்க. அப்பறம் இந்தப் புத்தகத்தத் தொடமாட்டேன்" என்றாள். பழம் பறிப்பது கேவலமான வேலை இல்லை, கண்ணு. உன் அத்தைகள் எல்லோரும் இடுப்பில் கூடை கட்டிப் பழம் பறித்தவர்கள்தான். ஆனால் அவள் அதைச் சொன்ன விதத்தை நான் மறக்கவில்லை. படிக்க ஆசைப்பட்ட ஒரு மனுஷி, இனிமேல் ஆசைப்படமாட்டேன் என்று சொல்கிறாள். நான் வாசித்த லட்சணம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே ஓடிப்போய் யார் காலிலாவது விழுந்திருப்பேன்.

தேர்வு நாளில் டியூட்டியை மாற்றிக்கொண்டு நானும் போனேன். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு காப்பி காயவைக்கும் களத்தின் ஓரமாக நின்றேன். ஆபீஸ் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே உன் அம்மாவோடு சேலத்திலிருந்து வந்த இன்னும் இரண்டு பேர். இன்ஸ்டிட்யூட்டில் முறையாகப் படித்தவர்கள். மேனேஜர் துரை ஒரு கடிதத்தை வாசிக்க ஆரம்பித்தார். புதன்கிழமை அனுப்பிய காப்பி மூட்டைகளைப் பற்றிய கடிதம். அவர் வாயில் வந்த இங்கிலீஷ் நான் வீட்டில் வாசித்த இங்கிலீஷ் இல்லை. வேறு ஏதோ பாஷை மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. சேலத்துக்காரர்கள் தலை நிமிராமல் எழுதினார்கள். உன் அம்மாவின் கை ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது, நின்றது. பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"ஏனுங்க, அந்த வார்த்தைய இன்னொருக்கா சொல்லுங்க."

அவர் சொன்னார். எழுதினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழுந்து கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்னால் வெளியில் நிற்க முடியவில்லை, உள்ளே போகவும் தைரியமில்லை. கோட்டில் எழுதியதைப் பிரித்து முழு இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தார்கள். துரை மூன்றையும் படித்துவிட்டு உன் அம்மாவுடையதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"என்னம்மா இது, இங்கிலீஷுக்கு நடுவுல தமிழ் எழுத்து?"

"காதுல உளுந்தது அதுங்க. 'ரிசீட்'டுன்னு கேட்டுது. என்னன்னு நிச்சயமாத் தெரியலீங்க. தப்பா இங்கிலீசுல எழுதறத விட, கேட்டதத் தமிழ்ல எழுதிக் கேள்விக்குறி போட்டேனுங்க."

"இங்க 'டெட்'னு எழுதி அதுக்கும் கேள்விக்குறி?"

"செத்துப்போனதுன்னு அர்த்தம் வருதுங்க. காப்பிக் கடிதாசில யாருங்க செத்தாங்க? அதான் சந்தேகம்."

கடனைத்தான் துரை 'டெட்' என்று சொல்லியிருந்தார். "உங்களுக்கு டிக்டேஷன் குடுத்தது யாரு?" என்று கேட்டார்.

"எங்கூட்டுக்காரருங்க. சேலம் பஸ்ஸுல கண்டக்டருங்க."

"அவர் இந்த 'ரிசீட்'ங்கற வார்த்தைய எப்படிச் சொல்வார்?"

"ரிசீப்ட்டுங்க." அப்புறம் தயங்கிக்கொண்டே, "புத்தகத்துல நீங்க சொன்ன மாதிரித்தான் இருந்துதுங்க. நாங்க அத அச்சுப்பிழைன்னு திருத்திட்டமுங்க" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை. சிரித்து முடித்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "நீங்கதானா? உள்ள வாங்க" என்றார். உன்னை எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். ஃபைலிலிருந்து வேறொரு பழைய கடிதத்தை உருவி என் கையில் கொடுத்து, "வீட்டுல எப்படி வாசிப்பீங்களோ அப்படியே வாசிங்க" என்றார். தூக்குத் தண்டனைக்காரன்கூட அப்படி வியர்த்திருக்கமாட்டான். ஆனால் வாயைத் திறந்ததும் குரல் பழக்கத்துக்கு வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுகிற அதே குரலில் 'வெட்னெஸ்டே', 'ரிசீப்ட்', 'டெப்ட்' எல்லாவற்றையும் ஓர் எழுத்து விடாமல் வாசித்து முடித்தேன். துரை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சேலத்துக்காரர்களில் ஒருவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உன் அம்மா ஒரு முறைகூடத் தலை நிமிரவில்லை, ஒரு முறைகூடக் கை நிற்கவில்லை. அவள் பிரித்து எழுதிக் கொடுத்ததில் ஒரு தப்புக்கூட இல்லை. மூட்டை எது, மூட்டை கட்டுவது எது என்பதைக்கூட அர்த்தத்தை வைத்துச் சரியாகப் பிரித்திருந்தாள்.

மற்ற இருவரையும் சாப்பிட அனுப்பிவிட்டு துரை சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "அவங்களும் நல்லாப் படிச்சவங்கதான். ஆனா காதுல விழாத இடத்துல எதையோ போட்டு நிரப்பிட்டாங்க. நான் இந்த மலையில உக்காந்துட்டு யாருக்கும் ஆள் வெச்சுச் சொல்லிக்குடுக்க முடியாது. தெரியாதத தெரியலைன்னு எழுதறவங்க, தானாக் கத்துக்கறவங்க, அவங்கதான் எனக்கு வேணும்." பிறகு உன் அம்மாவிடம், "என் பேச்சு உங்களுக்குப் பழக எவ்வளவு காலம் ஆகும்?" என்று கேட்டார். அவள், "காப்பிப் பழம் எடுத்து முடியறதுக்குள்ள பழகிருவேனுங்க" என்றாள். சொன்னபடியே செய்தாள். கடைசிப் பழம் களத்துக்கு வருமுன் அவளை நிரந்தரமாக்கிவிட்டார்.

ஓடிவிட்டால் என்ன செய்வது என்ற உன் கேள்விக்கு இப்போது வருகிறேன். சில வருஷம் கழித்து, கணக்கியலும் தபாலில் படிக்க ஆசையாக இருக்கிறது என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அந்தக் கட்டணத்தை எஸ்டேட்டே கட்டியது. பக்கத்து எஸ்டேட்டுக்காரர்கள் துரையைக் கிண்டல் செய்தார்கள். உங்கள் காசில் ரெக்கை கட்டிக்கொண்டு பறந்துவிடுவாள் என்றார்கள். பறக்கத்தான் செய்தாள், கண்ணு. உன் படிப்புக்காக ஏற்காட்டில் ஒரு பள்ளி ஆபீசுக்கு மாறினாள். துரையிடம் சொல்லப் போனபோது அழுதேவிட்டாள். அவர் சொன்னாராம்: "அழாதீங்க. நீங்க இங்க இருந்துட்டே படிச்சது இந்த மலைக்கே தெரியும். இனி எனக்கு ஆள் தேடற வேலை இல்ல." அது உண்மையாயிற்று. ஏற்காட்டைச் சுற்றி யார் எதைப் படித்தாலும், தபாலில் படித்தாலும் காலேஜில் படித்தாலும், முதலில் அந்த எஸ்டேட் வாசலில்தான் போய் நின்றார்கள். மற்ற எஸ்டேட்டுகள் பேப்பரில் விளம்பரம் கொடுத்துக் காத்திருந்தன. சிரித்தவர்களுக்கு அது கடைசிவரை புரியவில்லை. படிக்க வைக்கிற இடம் என்று பேர் வாங்கிவிட்டால், போகிறவர் ஒருவர் என்றால் வருகிறவர் நாலு பேர். ஓடிவிடுவார்களே என்று பயந்து ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் வைத்திருந்தால், ஓட வழியில்லாதவர்கள்தான் மிச்சம் இருப்பார்கள்.

அதற்காகத் தபாலில் வந்ததெல்லாம் தங்கம் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரிலேயே ரேடியோ செய்யும் படிப்பு என்று பணத்தைக் கட்டி, கடைசியில் ஒரு தகர முகப்பும் நாலு திருகாணியும் பார்சலில் வாங்கியவரை உனக்கே தெரியும். கம்ப்யூட்டரில் வந்தாலும் அந்த மாதிரி ஆட்கள் வருவார்கள். விசாரித்துப் பணம் கட்டு. ஆனால் விண்ணப்பத்தை மட்டும் படிக்காமல் ஒரு பக்கமாக எடுத்து வைக்காதே, சாமி. காலேஜுக்குப் போனவனை ஆசிரியர் இழுத்துக்கொண்டு போயிருப்பார், கூடப் படித்தவர்கள் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். தபாலில் படித்தவள் தானே தன்னை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அப்படி வந்தவளை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் பார்த்த பெரிய படிப்பாளி அவள்தான். இதை அவள் எதிரில் நான் சொன்னதில்லை, உனக்கு எழுதுகிறேன்.

இதுவரை எழுதியதை இன்று காலையில் அவளுக்கே படித்துக் காட்டினேன். "நொம்ப நீட்டிட்டீங்க" என்றாள். பிறகு, "ஒண்ணு உட்டுப்போச்சு" என்றாள். என்னவென்று கேட்டேன்.

"தொரை வாசிச்சப்ப என் கை நின்னு போச்சில்லைங்க, அப்பவே மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன், நாளைக்குக் கூடையத் தூக்கறதுன்னு. அப்பறம் நீங்க உள்ள வந்து வாசிச்சீங்க. கை தானா ஓடுச்சு. அதுக்கப்பறம் எத்தனையோ பேரு எனக்கு இங்கிலீசு வாசிச்சிட்டாங்க. இன்னைக்கும் யாரு வாசிச்சாலும் எனக்கு முதல்ல உங்க குரல்லதான் கேக்குது. அதச் சரியான ஓசைக்கு மாத்தித்தான் எழுதறேன்."

நான் பேனாவை மறுபடி எடுத்தேன். அவள் தொடர்ந்தாள்.

"அத அவனுக்கு எழுதுங்க. பணத்தக் கட்டிட்டுச் சும்மா இருந்தராதடான்னு எழுதுங்க. படிக்கறவங்களுக்குப் பக்கத்துல உக்காந்து வாசிச்சுக் காட்ட ஒரு ஆள வெக்கச் சொல்லுங்க. தப்பா வாசிச்சாலும் பரவால்லைன்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

உன் அப்பா